கட்டை எண்ணெயோடு மைசூருக்கு

சென்ற கோடையில் நானும் என் வீட்டுக்காரரும் கொள்ளேகாலிலிருந்து மைசூருக்குப் போய்வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. யுத்தம் வந்து மண்ணெண்ணெயை அளந்து கொடுக்கத் தொடங்கியதும் எங்கள் கிணற்று என்ஜின் நின்றுபோனது. தண்ணீர் இல்லாமல் மல்பெரித் தோட்டம் காய்ந்தது. இலை இல்லையென்றால் பட்டுப்புழு சாகும். எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. கட்டை எண்ணெயில் என்ஜினை ஓட்டலாம் என்ற எண்ணத்தோடு யாராவது புறப்படுவதாக இருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் மரவாடியில் கழித்துப்போட்ட துண்டுகளையும் சிராய்களையும் அள்ளிவந்து, இரும்புப் பீப்பாயில் காற்றுப் புகாமல் அடைத்து, வெளியே தீ மூட்டினார். புகையை ஒரு குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் செலுத்திக் குளிரவைத்தால் கறுப்பாக ஓர் எண்ணெய் சொட்டும். திரியில் நனைத்தால் எரிந்தது. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. ஆனால் என்ஜினில் ஊற்றினால் இருமிவிட்டு நின்றுவிடும். மைசூரில் யாராவது அதைச் சுத்தம் பண்ணித் தருவார்கள் என்று நம்பினார்.

பஸ் கரிவாயுவில் ஓடியது. பின்னால் தொங்கும் அடுப்பில் கரியைக் கொட்டி, விசிறியைச் சுழற்றி, வெகுநேரம் கழித்துத்தான் கிளப்பினார்கள். ஏற்றங்களில் இறங்கி நடக்கச் சொன்னார்கள். "கரிப்புகையில பஸ்ஸே ஓடுது புள்ள. எண்ணெயில என்ஜின் ஓடாதா?" என்றார் அவர். நான் தலையாட்டினேன்.

சென்னை மாகாணம் முடிந்து மைசூர் சமஸ்தானம் தொடங்கும் எல்லையில் அரிசி கடத்துகிறோமா என்று சோதித்தார்கள். காவலர் எங்கள் எண்ணெய் டின்னைத் திறந்து, முகத்தைச் சுளித்து, "ஏனிது?" என்று, இது என்னவென்று கன்னடத்தில் கேட்டார்.

"கட்டை எண்ணெயிங்க."

அவர் மூடியைத் தூக்கி எறியாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார். புளித்த புகை நாற்றம் பஸ் முழுக்கப் பரவியது. திருமக்கூடலு நரசிபுரம் தாண்டுவதற்குள் டின்னின் அடி கசியத் தொடங்கியது. எண்ணெயில் இருந்த புளிப்பு தகரத்தைத் தின்றுவிட்டது. என் சேலையில் பட்ட கறை இன்னும் போகவில்லை.

மைசூரில் பசவய்யா என்பவர் பட்டறை வைத்திருந்தார். அவர் வாசலிலும் மண்ணெண்ணெய் இல்லாமல் நாலைந்து என்ஜின்கள் கிடந்தன. எண்ணெயைப் பார்த்ததும் எங்களைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம். "இது ஓடினா நாம எல்லாரும் பொழைச்சோம் ஸ்வாமி," என்று அவரே அடுப்பு மூட்டினார்.

தண்ணீரைப் போக்கக் காய்ச்சினார். காயக் காய எண்ணெய் குழம்பாகி, கடைசியில் சட்டியோடு ஒட்டிய தாராகிவிட்டது. மிச்சத்தைத் துணியில் வடிகட்டித் தன் என்ஜினில் ஊற்றினார். நாலு தடவை வெடித்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நின்றது. சுழற்றிப் பார்த்தார்கள், உள்ளே பிசின் இறுகி, சக்கரம் அசையவே இல்லை.

பசவய்யா கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்து, "ஆகல்ல ஸ்வாமி, ஆகாது," என்றார்.

"அந்தக் கரிவாயு அடுப்பாவது கிடைக்குமுங்களா?" என்று நான் கேட்டேன்.

"எல்லாம் பஸ்ஸுக்கும் லாரிக்கும் போயிடுதும்மா. நானே கேட்டு அலுத்துட்டேன்."

"அப்ப என் என்ஜினை வித்துத் தர்றீங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பசவய்யா வாசலில் வாங்க ஆளில்லாமல் கிடந்த என்ஜின்களைக் கை காட்டினார்.

போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. காலைப் பஸ்ஸைப் பிடியுங்கள். மதியப் பஸ் வழியில் நின்றால் ராத்திரி ரோட்டில்தான். எல்லையில் தானியம் வைத்திருக்காதீர்கள். இந்த எண்ணெயைத் தகரத்தில் கொண்டுபோகாதீர்கள், மண்ஜாடிதான் தாங்கும். தூணுக்குப் பூசினால் கரையான் வராது என்கிறார்கள். என்ஜினுக்கு ஆகாது. யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மறுநாள் வீடு வந்தோம். புழுக்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பக்கத்து வீட்டு ரங்கம்மா கிடைத்த இலையையெல்லாம் பறித்துப் போட்டிருந்தாள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கெஞ்சியும் வாங்கியிருந்தாள். போதவில்லை. கூடு கட்ட இன்னும் சில நாள் இருந்தது. தட்டுகளில் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி இலையைத் தேடின. அவர் உள்ளே வரவில்லை. நான்தான் ஒவ்வொரு தட்டாக எடுத்துப்போய்க் குப்பைக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். எல்லாம் உயிரோடுதான் இருந்தன.