அண்டர்கிரவுண்டில் ஓர் ஊற்று

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடியில் ஓர் அறை இருந்தது. தெருவில் அதை அண்டர்கிரவுண்டு என்பார்கள். எழுபதுகளின் கடைசியில் அந்தப் பக்கம் வேறு யாரும் அப்படிக் கட்டவில்லை. கட்டாததற்குக் காரணமும் இருந்தது. அந்த மனைகள் எல்லாம் கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைந்த வயல்கள். என் கணவர் மெட்ராஸில் ஒரு ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தைப் பார்த்துவிட்டு வந்து, மேலே குடியிருப்பு, கீழே நோட்டுப் புத்தகம் தைக்கும் வேலை என்று முடிவு செய்திருந்தார். நான் கல்யாணமாகி வந்தபோது சுவர் பூசி முடிந்திருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு அன்று ஒன்றும் தெரிந்திருக்காது.

ஐப்பசி மழையில் தண்ணீர் வந்தது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் வேர்வை மாதிரி கசிந்து, மறுநாள் காலையில் கணுக்கால் அளவுக்கு நின்றது. காகித அடுக்குகளில் கீழ்வரிசை முழுக்க ஊறிப் பொங்கிவிட்டது. அதைத் தூக்கினால் கையோடு கஞ்சியாக வந்தது.

என் மாமனார் டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். மாமியார் இறந்த பிறகு நிலத்தை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். மகன் மண்வெட்டியைக் கீழே போட்டது அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. படியில் நின்று தண்ணீரைப் பார்த்தவர், கோபப்படாமல்தான் சொன்னார்.

"சித்திரைக்குள்ள இது காயணும். காயலைன்னா மண்ணடிச்சு மூடிப்புட்டு ஊருக்குக் கெளம்பு. நெலம் கெடக்கு, வேலை கெடக்கு."

வீடு அவருடைய பணத்தில் கட்டியது. என் கணவர், "சரிய்யா" என்றார். வேறு என்ன சொல்வார்? அந்த அறையை விட்டால் அவருக்குப் பிழைப்பு என்று வேறு எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் நோட்டுகள் தைத்துக் கொடுப்பதாக இரண்டு மிஷன் பள்ளிகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கும் ஊருக்குப் போய் மாட்டுச் சாணம் அள்ள விருப்பமில்லை. இதை அப்போது வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அறையின் மூலையில் குழி தோண்டி, ஓட்டை போட்ட சிமெண்ட் உறை ஒன்றை இறக்கி, சுற்றிலும் கருங்கல் ஜல்லி கொட்டினார்கள். கசிகிற தண்ணீர் எல்லாம் அதில் வந்து சேரும். சேர்ந்ததை வெளியே இறைக்க மோட்டார் வேண்டும். டவுனில் இருந்த ஒரு மோட்டார் கடைக்கு மூவரும் போனோம். நான் கூடப் போனது வேறொரு கடையில் வளையல் வாங்க. அது கடைசிவரை நடக்கவில்லை.

கடைக்காரர் அரை ஹெச்.பி. போதும் என்றார். மாமனார் அந்தச் சின்ன மோட்டாரைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"எங்க கெணத்துல அஞ்சு ஓடுது. இத வச்சு என்ன, சட்னியா அரைக்கிறது?"

"அண்ணே, கெணறு வேற, குழி வேற. இதுல ஊறுறதுதான் வரும். பெருசு போட்டா ஒரே இழுப்புல இழுத்துட்டு, அப்பறம் காத்தத்தான் குடிக்கும்."

"ஊத்து வந்தா என்ன செய்வ?"

மாமனார் மூன்றில் நின்றார், என் கணவர் அரையில் நின்றார், கடைசியில் ஒன்றுக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் பிடிக்காத மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

கடைக்காரர் சொன்னபடியே அது நடந்துகொண்டது. குழியை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு வறட்டுச் சத்தம் போடும். ஓடிப்போய் நிறுத்த வேண்டும். உறிஞ்சுகிற குழாயின் நுனியில் புட்வால்வு என்று ஒன்று உண்டு. குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கத்தரித்த காகிதத் துணுக்குகள் மிதந்து வந்து அதன் வாயில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது தண்ணீரைப் பிடிக்காது. குழாயைக் கழற்றி, துணுக்குகளை நோண்டி எடுத்து, தோல் வாசரைத் திருப்பிப் போட்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினால்தான் மறுபடி இறைக்கும். இது எப்படியோ என் வேலையானது. வேலைக்கு வந்த ஆண்கள் கீழே நோட்டுத் தைத்துக்கொண்டிருப்பார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, யாரை என்று இல்லாமல் திட்டிக்கொண்டிருப்பேன். மார்கழிக்குள் அந்த மோட்டாரின் மனசு எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

வெளியே வருகிற தண்ணீரை எங்கே விடுவது என்பதில் மட்டும் வாக்குவாதமே வரவில்லை. என் கணவர் குழாயைத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பியதும் மாமனார் அதைப் பிடுங்கிவிட்டார்.

"நல்ல தண்ணிய எவனாச்சும் சாக்கடையில விடுவானா?"

வீட்டின் பின்சுவரை ஒட்டிக் கொஞ்சம் மண் கிடந்தது. அதில் வாய்க்கால் இழுத்து, பாத்தி கட்டி, நாட்டுவாழைக் கன்றுகளை நட்டார். குளிக்கிற தண்ணீரையும் அதிலேயே திருப்பிவிட்டார். காலையில் மோட்டார் ஓடும்போது மண்வெட்டியோடு நின்று ஒவ்வொரு பாத்திக்கும் மடை திறந்துவிடுவார். மாமியார் போன பிறகு அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது அந்த வாழைகளுக்கு நடுவில்தான். எனக்கும் அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

தை பிறந்தது. மழை எப்போதோ நின்றுவிட்டது. கண்மாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். எங்கள் குழியில் மட்டும் தண்ணீர் குறையவில்லை.

"ஊத்துதான்," என்றார் மாமனார். "நாங்க ஊருல எம்புட்டு ஆழம் வெட்டியும் பாறைதான் வந்துச்சு. இங்க பாரு, நாலு படி எறங்குனா தண்ணி."

அவர் பெருமையாகச் சொல்லச் சொல்ல, என் கணவர் சாப்பிடாமல் எழுந்துபோவார். அண்டர்கிரவுண்டு சுவரில் உப்புப் பூத்தது. தைத்த நோட்டுகளின் ஓரம் சுருண்டது. பங்குனியில் வர வேண்டிய காகிதத்தை எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்து வாரக்காரர் வந்து போனபோது, அடுத்த வருஷம் மகன் வந்து பார்ப்பான் என்று மாமனார் சொல்லி அனுப்பியது என் காதிலும் விழுந்தது.

மாசியில், சிவராத்திரிக்கு முன்னால், மோட்டார் எரிந்தது. கரண்ட் கம்மியாக வந்த ஒரு காலையில் தண்ணீர் பிடிக்காமலே ஓடி, உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, காயில் என்பார்கள், கருகிவிட்டது. காயில் கட்டுகிற கடையில் விவசாயிகளின் மோட்டார்கள் வாசல்வரை கிடந்தன. சிவராத்திரிக்குக் குலதெய்வத்தைக் கும்பிடப் போய்த்தான் ஆக வேண்டும். அதில் எங்கள் வீட்டில் மறுபேச்சே கிடையாது. அறை முங்கினால் முங்கட்டும் என்று காகிதங்களை மாடிக்கு ஏற்றிவிட்டு ஊருக்குப் போனோம். பங்காளிகள் விடாததால் ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டோம். என் கணவர் ஒருவரோடும் சரியாகப் பேசவில்லை. நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நான்தான் முதலில் கீழே இறங்கினேன். தரை காய்ந்திருந்தது. குழியின் அடியில் கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் வந்தது. மேலே ஏறிப் பின்பக்கம் போனால், மாமனார் வாடித் தொங்கிய வாழைகளுக்கு அடிபம்பிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். சாயங்காலம்வரை சுமந்தார்.

மறுநாள் காலையில் குழியில் தண்ணீர் நின்றது.

நானும் என் கணவரும் குழிக்குப் பக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாசக்கணக்கில், வாழைக்கு விட்டுத் திரும்பக் குழிக்கே வந்த ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அய்யாகிட்ட சொல்லாத," என்றார்.

"சித்திரை வருதுல்ல? மண்ணடிக்க விட்ருவீங்களா?"

நான் மேலே போய், "மாமா, கொஞ்சம் கீழ வாங்க" என்று கூப்பிட்டேன். குழியைக் காட்டினேன். வாழைப் பக்கத்துச் சுவரில் மட்டும் ஈரம் இறங்கியிருந்ததைக் காட்டினேன். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"மேல வயலுக்குப் பாய்ச்சுனா கீழ வயல்ல கசியத்தான செய்யும். இதுக்காக வரப்புல நின்னு எத்தன பேரோட மல்லுக்கட்டியிருக்கேன்." கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வீடுன்னு நெனச்சுட்டேன் தாயி. பள்ளம்னு நெனைக்கலை."

அன்றைக்கே குழாயைச் சாக்கடைப் பக்கம் அவரே திருப்பினார். ஆள் உயரத்துக்கு வந்திருந்த வாழைகளை, தார் போடுவதற்கு முன்னாலேயே, அவரே வெட்டினார். யாரையும் உதவிக்கு விடவில்லை. பங்குனிக்குள் அறை சொட்டு ஈரமில்லாமல் காய்ந்தது. காகிதம் வந்து இறங்கியது. என் கணவர் விசிலடித்துக்கொண்டே தைத்தார்.

மாமனாருக்கு மட்டும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து பின்பக்கம் போவார், அந்த வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். சித்திரையில், நிலத்தைத் தானே பார்க்கப் போவதாகச் சொன்னார். வெட்டியபோது பெயர்த்து வைத்திருந்த இரண்டு வாழைக்கன்றுகளைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"வயசான காலத்துல தனியா எதுக்குய்யா?" என்றார் என் கணவர்.

"நீ இங்கன இரு. மழை பெஞ்சா மோட்டாரப் பாத்துக்க."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த என் கணவர் அன்று வேலைக்குக் கீழே இறங்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் மறுபடி தண்ணீர் கசிந்தது. இந்த முறை மழைத் தண்ணீர்தான், சந்தேகமில்லை. நான் புட்வால்வைச் சுத்தம் செய்து மாட்டினேன், மோட்டார் ஓடியது. என் கணவரைக் காணோம். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தூறலில் நனைந்தபடி, சாக்கடையில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அம்புட்டும் வீணாப் போகுது," என்றார்.

கீழே வறட்டுச் சத்தம் கேட்டது. நான் போய் மோட்டாரை நிறுத்தினேன்.