மலர்விழியின் பக்கத்தில் எழுதியவர்களுக்கு

மலர்விழி இறந்த செய்தி எனக்கு அவளுடைய பக்கத்திலிருந்தே கிடைத்தது. கொழும்பில் அலுவலகத்தின் மதிய இடைவேளையில் நம் பல்கலைக்கழக நண்பர்களின் இணையதளத்தைத் திறந்தேன். அவளது படத்தின் கீழே ஒருவர் பின் ஒருவராக அஞ்சலி எழுதியிருந்தீர்கள். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து அவளுடைய கைபேசிக்கு அழைப்பெடுத்தேன். அவளுடைய தம்பி பேசினான்.

"ஆமாங்கக்கா. மூளைக் காய்ச்சல். நேத்துதான் அடக்கம் பண்ணுனோம்."

அவள் லுணுகலையில் ஆசிரியையாக இருந்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்தத் தளத்தை மாணவர்கள் தொடங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும். பாதிப்பேர் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. ஒருநாள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் படமொன்றைப் போட்ட ஒருவர், 'இவர்களின் பிள்ளைகளும் இப்போது நம்மோடு படிக்கிறார்களாம்' என்று கீழே எழுதினார். சிலர் சிரித்தார்கள். மறுநாள் மலர் தெமோதரைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கான லயத்திலுள்ள தன் வீட்டைப் படமெடுத்துப் போட்டாள். புகை படிந்த சுவர், வாசலில் அம்மா. 'இது எங்க வீடு. அது எங்கம்மா. ஏதாவது கேக்கணும்னா பேரப் போட்டுக் கேளுங்க.' கீழே தன் முழுப்பெயரையும் எழுதியிருந்தாள். அதுவரை தோட்டத்தைச் சொல்லாமல் ஊர் பதுளை என்று மட்டும் சொல்லிவந்த சிலர், அதன் பிறகு தங்கள் லயங்களின் படங்களையும் போட்டார்கள்.

"பயமா இருக்கேல்லையா?" என்று பிற்பாடு கேட்டேன்.

"பயந்தான். படத்தப் போட்டுட்டு ரெண்டு நாளா அந்தப் பக்கமே போகல" என்றாள்.

எனக்கு அவள் பழக்கமானதும் அந்தத் தளத்தால்தான். போரினால் யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டப்பட்டிருந்த மாதங்கள் அவை. வீட்டிலிருந்து கடிதம் இல்லை, தொலைபேசியும் கிடைக்காது. ஒரு மாலை 'பனை' என்ற புனைபெயரில், 'இண்டைக்கு முழுக்க நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை' என்று எழுதினேன். கவலைப்படாதே என்று பலர் பதில் போட்டார்கள். வாசித்தபோது இன்னும் தனியாகிவிட்டது போலிருந்தது. சற்று நேரத்தில் விடுதி அறைக் கதவு தட்டப்பட்டது.

"பனை நீங்கதானே?"

"எப்படித் தெரியும்?"

"யாழ்ப்பாணப் பேச்சுல கதைக்கேல்லைன்னு எழுத இந்த விடுதியில வேற யாரு இருக்கா? வாங்க, டீ குடிப்போம்."

"எனக்குப் பசிக்கேல்லை."

"பசிக்கா டீ குடிக்கிறாங்க?"

அன்று அவள் அதிகம் பேசவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் இருந்தாள். அதன் பிறகு படிப்பு முடியும்வரை மாலையில் நான் தனியாகத் தேநீர் குடித்ததில்லை.

அடக்கத்துக்கு அடுத்த வாரம், நீங்கள் எழுதியவற்றையெல்லாம் தாளில் அச்சிட்டு அவளுடைய அம்மாவிடம் கொண்டுபோனேன். கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். சிங்களத்தில் இருந்ததையும் விடாமல் வாசிக்கச் சொன்னார்.

"இவங்கெல்லாம் யாரும்மா?"

"மலரோட படிச்ச ஆக்கள்."

"இத்தனை பேரா? அடக்கத்துக்கு லயத்துச் சனம் மட்டுந்தானே வந்துச்சு." தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பதினாறாம் நாளு கருமாதி. சோறாக்குவோம். எல்லாரையும் வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் சொன்னபடியே தளத்தில் எழுதினேன். 'கட்டாயம் வருகிறோம்' என்று நிறையப் பேர் பதில் போட்டீர்கள்.

தாளில் இருந்த பெயர்கள் அத்தனைக்கும் அம்மா சோறாக்கியிருந்தார். நம்மோடு படித்து, இப்போது பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் பாறூக் வந்தான். நான் போயிருந்தேன். பிற்பகல் பஸ்ஸும் யாரையும் இறக்காமல் போன பிறகு அம்மா எங்கள் இருவருக்கும் இலை போட்டார்.

"அவங்கவங்களுக்கு வேலை இருக்கும், பாவம்" என்றார். மீதிச் சோற்றைப் பக்கத்து லயங்களுக்குக் கொடுத்தனுப்பினார்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எழுதிய ஒவ்வொருவரும் உண்மையாகவே வருந்தினீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போதெல்லாம் அந்தத் தளத்தில் யாராவது மனம் சரியில்லை என்று எழுதினால் நான் கீழே பதில் போடுவதில்லை. எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கிறேன். போகக்கூடிய தூரமென்றால் பஸ் ஏறுகிறேன். மலரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.