கம்பைக் கீழே போட்ட போட்டி

ஜூலை பன்னிரண்டு, காலை ஆறு இருபது, லேசான தூறல். வழுக்கும் என்று இரண்டு முறை சொல்லியும் கேட்காமல், அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் பேத்தி சிலம்பக் கம்பின் நுனியை ஈரச் சாம்பலில் தோய்த்தாள்.

"அடுத்த மாசக் கடைசியில போட்டி அப்பாரு. ஜூடோவுக்கும் போகட்டுங்களா?"

அந்தச் சாம்பல் வாசனையில் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது. அப்பா சிலம்பக்காரர், மாமன் மல்யுத்தக்காரர். வாரத்தில் மூன்று நாள் அவரிடம், மூன்று நாள் இவரிடம் பழகினேன். ஊர்ச் சிலம்பப் போட்டியில் கம்பு நுனி பட்டு உடம்பில் விழும் ஒவ்வொரு சாம்பல் பொட்டும் ஒரு புள்ளி. எதிராளி மேல் ஏழு பொட்டு வைத்திருந்தேன்; என் மேல் நான்குதான். அவன் நெருங்கி வந்ததும் கம்பைப் போட்டுவிட்டு, இடுப்பைக் கட்டித் தூக்கிக் கவிழ்த்துவிட்டேன். கம்பைக் கைவிட்டதால் நான் தோற்றதாக அறிவித்தார்கள்.

"கம்பில்லாமயே பையன் பொழச்சுக்குவான் மச்சான்" என்று மாமன் கைதட்டினார்.

"கம்பு கையில இருக்கறப்ப எதுக்கு மாப்ள கட்டிப் புடிக்கோணும்?" என்ற அப்பா, சிரித்துக்கொண்டே என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "மொதல்ல கம்பு கையில நிக்கட்டும் சாமி. அப்பறம் மாமங்கிட்டப் போ."

பேத்தியிடமும் அதையே சொன்னேன்: போட்டிவரை சிலம்பம் மட்டும். ஜூடோ வகுப்பில் இடம் போய்விடும் என்று கண் கலங்கினாள். அவள் போகப்போகாத இரண்டு மாதத்துக்கும் நானே கட்டணம் கட்டி இடத்தைப் பிடித்து வைத்தேன். ரூபாய் 2,400.