முன்னூற்று நாற்பது மீட்டர்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று மணப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டாம் வருடம், சரக்குக் கப்பல்களில் துப்பாக்கிக் காவலுக்குச் சேர்ந்தேன். கொள்ளையர் பயம் உள்ள கடல்வழிகளில் போகும் கப்பல்களில் எங்களை ஏற்றிவிடுவார்கள். ஒரு தடவை கொடுத்த துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்பிலேயே தூரம் அளக்கும் லேசர் இருந்தது. பட்டனை அமுக்கினால் கண்ணாடிக்குள் சிவப்பு எண் வரும். தண்ணீரில் பிடித்தால் வெறும் கோடுகள்தான். படகின் மேல் பட்டால்தான் எண் நிற்கும். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் அதைப் பிடிக்க மூன்று நாள் பழகினேன். கை வந்ததும் பெருமையாக இருந்தது.

ஓமான் பக்கம் ஒரு காலையில் சின்னப் படகு ஒன்று எங்களை நோக்கி வந்தது. கேப்டன் என் பின்னால் வந்து நின்று தூரம் கேட்டார். எண்ணூறு என்றேன். அறுநூற்று இருபது. ஐநூறு. முன்னூற்று நாற்பதில் படகுக்காரனின் முகம் தெரிந்தது. நரைத்த தாடி. சட்டையைக் கழற்றி, விலகிப் போங்கள் என்று வீசிக்கொண்டிருந்தான். எங்களுக்கும் அவனுக்கும் நடுவே வலையின் மிதவைகள் வரிசையாகக் கிடந்தன. சிறுவயதில் அப்பாவின் படகில் நின்று நானும் அப்படி வீசியிருக்கிறேன்.

அவன் கொள்ளைக்காரன் இல்லை, வலை போட்டிருக்கிறான் என்று கேப்டனிடம் சொன்னேன்.

"உன்னிடம் தூரம்தான் கேட்டேன். சுடு."

படகுக்கு முன்னால் தண்ணீரில் இரண்டு முறை சுட்டேன். அவன் பயந்து படகுக்குள் குப்புற விழுந்தான். கப்பல் விலகிப் போகவில்லை. மிதவைகள் ஒவ்வொன்றாக எங்கள் அடியில் போவதை அதே ஸ்கோப்பில் பார்த்தேன். பிறகு நிறுவனத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

ஊருக்கு வந்ததும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். முந்தைய வருடம்தான் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போன கப்பல் ஒன்று அவன் வலையை அறுத்திருந்தது.

"ஏலே, எவ்வளவு தூரத்துல நின்னான்?"

"முன்னூத்தி நாப்பது மீட்டர்."

"அந்தக் கண்ணாடில மொகம் தெரியுமா?"

"தெரியும். தண்ணிலதான் சுட்டேன், அண்ணே."

"என் வலைய அறுத்தவன் என்னப் பாக்கக்கூட இல்ல. நீ பாத்துட்டுல்லா செஞ்சிருக்க!"

அதன்பின் அவன் என் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்னைக் கண்டால் வேறு பெஞ்சுக்குப் போய்விடுகிறான். அண்ணி மட்டும் எப்போதாவது மீன் கொடுத்துவிடுகிறாள், அவனுக்குத் தெரியாமல்.

நான் வேலையை விடவில்லை. விட்டிருந்தால், அவனிடம் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.