குறி தவறிய கவளம்

போன வருடம் நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பிரியாணிக் கடை நடத்தும் என் கணவர் திடீரென்று தலைசுற்றி விழுந்தார். சிறுமூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்றார்கள். பிழைத்து வந்ததே பெரிய விஷயம். கை, கால் எல்லாம் அசைந்தன. ஆனால் டம்ளரை எடுக்கப் போனால் கை அதைத் தாண்டிப் போகும். வாய்க்குப் போக வேண்டிய சோறு தாடிக்குப் போகும். ஒரு பருக்கை உடையாமல் பிரியாணி அள்ளி வைக்கிற கை அது.

நான் சும்மா இருப்பேனா? ஊட்டினேன், டம்ளரைப் பிடித்தேன், அவர் கை நீளும் முன்பே போய் நின்றேன். பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் கண்டித்தாள்.

"கை தப்பிப் போனாத்தான்க்கா சிறுமூளை அடுத்த தடவை சரி பண்ணிப் பழகும். நீங்களே புடிச்சுக்கிட்டா அதுக்கு என்ன தெரியும்?"

அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊட்டுவதைவிட அதுதான் பெரும்பாடாக இருந்தது.

நோன்புப் பெருநாளன்று எங்கள் வீட்டில் சகன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். "நான் வரலை, எல்லார் மேலயும் சிந்துவேன்" என்று அவர் அறையிலேயே இருந்துவிட்டார். அவருடைய அக்கா விடவில்லை. "ஏலே, நீ வராம நான் தட்டுல கை வைக்கமாட்டேன். ஆறிப்போகுது, வா" என்று இழுத்து வந்தார்.

முதல் கவளமே விரிப்பில் சிதறியது. அவர் முகம் சுண்டிப்போனது. என் கை தானாக எழுந்தது, அடக்கிக்கொண்டேன். கீழே விழுந்த சோற்றை வீணாக்காமல் எடுத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். நாத்தனார் அதைப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். அடுத்துச் சிந்தியதை என் மகள் எடுத்தாள்.

"அத்தா, கறித்துண்டாப் பார்த்துச் சிந்துங்க!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி ஒரு கவளத்தை என் பக்கம் நீட்டினார். அது கன்னத்தில் பட்டது, பிறகு மூக்கில். நான் முகத்தை நகர்த்தவே இல்லை. அப்புறம் வாய்க்கே வந்து சேர்ந்தது. மெல்ல முடியாமல் அழுதேன்.

இப்போது கடையில் மறுபடியும் அவரே அள்ளி வைக்கிறார், கொஞ்சம் நிதானமாக. எப்போதாவது அவர் கை தடுமாறினால் எனக்குப் பதறத்தான் செய்கிறது. ஆனால் அன்று கன்னத்தில் பட்ட சோற்றின் சூடு நினைவுக்கு வரும், பிரியம் என்றால் சில நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும்தான் என்று பொறுத்துக்கொள்வேன்.