தேதிக்கு விட்ட இடம்

எங்கள் பங்குக் கோவிலின் கிழக்குப் பக்கச் சுவரில், அத்தையின் பெயர்கொண்ட புனிதை வண்ணக் கண்ணாடியில் நிற்கிறாள். சிவப்பு அங்கி, நீல முக்காடு. காலடியில் பிரெஞ்சில் இரண்டு வரி: இன்னாரின் நினைவாக, அண்ணன் குடும்பத்தார் அளித்தது. அதற்கும் கீழே ஒரு விரல் அகலத்துக்கு எழுத்தே இல்லாத வெள்ளைக் கண்ணாடி. இந்த முறை புதுச்சேரி வந்ததும் அதைப் பார்க்கத்தான் போனேன். நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அம்மாவோடு பிரான்சுக்குப் போனபோது, கைக்குழந்தையான என்னை அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பத்து வயதுவரை எனக்கு எல்லாமே அவள்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எண்ணெய் வழிய எனக்குத் தலைவாரிக் கூட்டிப்போவாள். பிரசங்கத்தில் நான் தூங்கினால் கிள்ளுவாள்; அவள் தூங்கினால் நான் கிள்ள வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். பிறகு நானும் பிரான்சுக்குப் போய்விட்டேன். அவள் மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டாள். ஆகஸ்டு விடுமுறைக்கு, எங்கள் பேச்சில் 'வக்கான்ஸ்', நாங்கள் வந்து இறங்குவோம் என்று வீட்டுக்கு வெள்ளையடித்துக் காத்திருப்பாள்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வந்த வாரமே அத்தை மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். எங்கள் டிக்கெட் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் போன்ற குடும்பங்கள் வீட்டைப் பழுதுபார்ப்பது, பத்திரம் பதிவது, கல்யாணம், கருமாதி எல்லாவற்றையும் அந்த ஒரு மாதத்துக்குள் முடித்துக்கொண்டு ஊர் திரும்பப் பார்க்கும். அத்தையின் நினைவுக் கண்ணாடியும் அந்த வேலைகளோடு சேர்ந்துவிட்டது. "மறுபடி எப்ப வரப்போறோம், இப்பவே செஞ்சிடலாம்" என்றார் அப்பா. சாமியார் தயங்கினார், அப்பா விடவில்லை. நானும் தடுக்கவில்லை. கண்ணாடியைப் பதித்து, சாமியாரை வைத்து மந்திரித்து, அதன் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டோம். தேதிக்கு மட்டும் இடம் விட்டோம். பக்கத்து வீட்டு அக்காவை அத்தையின் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு விமானம் ஏறினோம்.

அடுத்த வாரம் அத்தை கண் விழித்துக் கஞ்சி கேட்டாள்.

நடமாட ஆரம்பித்ததும் பூசைக்குப் போய்த் தன் நினைவுக் கண்ணாடியைத் தானே பார்த்தாள். சாமியார் பதறிப்போய் எழுத்துகளை அழித்துவிடுகிறேன் என்றாராம். "இருக்கட்டும் சாமி. சொரண்டுனா கண்ணாடி பாழாயிடும். எப்படியும் ஒருநாள் வேணுந்தான" என்றாளாம். அன்றிலிருந்து அதன் கீழேதான் உட்கார்ந்தாள். எனக்குப் போன் செய்து சிரித்தாள். "பூசை நேரத்துல எம்மேல செவப்பு வெளிச்சம் விழுதுடா. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேன்னு கேலி பண்றாங்க. நீங்க எப்படா வர்றீங்க?"

நாங்கள் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று ஒவ்வொரு ஆகஸ்டையும் தள்ளிப்போட்டோம். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் போயிருப்போம். உயிரோடு இருந்தவளுக்கு நினைவுச் சின்னம் வைத்ததைவிட, வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டதுதான் பெரிய பாவம். போன மாதம் அவள் நிஜமாகவே போய்ச் சேர்ந்தபோது உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். "அவளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சுடா" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அழுதார்.

முப்பதாம் நாள் பூசைக்கு நான் மட்டும் வந்தேன். பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா என்னருகே வந்து உட்கார்ந்தார். சாமியாரிடம் சொல்லித் தேதியை எழுதச் செய்திருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன்.

"சாமி எழுதறேன்னுதான் சொன்னாரு தம்பி. யாரும் எழுதக் கூடாதுன்னு அத்த முன்னாடியே சொல்லி வெச்சிருந்துச்சு. 'அது பாக்கி இருந்தா, அதுக்காச்சும் எம்புள்ள வருவான்'னுச்சு."

அத்தை உட்காரும் பெஞ்சில் சிவப்பும் நீலமும் விழுந்திருந்தன. எழுத்தில்லாத அந்தத் துண்டின் வழியாக வெறும் வெயில் வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் நாளைக் காலையில் வருகிறார். தேதியை எழுதிவிட்டால், எப்போது வருகிறாய் என்று என்னைக் கேட்க இந்த ஊரில் எதுவும் மிச்சமிருக்காது.