வெண்ணாறு கிளப் கதையைச் சொன்ன சலீம் பாய்

சலீம் பாய் இறந்துவிட்டார்.

காலையில் அவர் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று... நான் இங்கே வேலை சைட்டில் இருந்தேன், போன் லாக்கரில். நான் பார்த்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

கூத்தாநல்லூரில் கேசட் கடை வைத்திருந்தவர். எழுதத் தெரியாத அம்மாக்கள் அவர் கடைக்குப் போய், டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பேசி அனுப்புவார்கள். அப்போது அதுதான் லெட்டர்.

என் அம்மாவும் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வரும். "சாப்பிட்டியா ராசு?" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடும். அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

"பேசுங்கம்மா, டேப்பு ஓடிக்கிட்டிருக்கு" என்று பாய் குரல் கேட்கும்.

"அதான் கேட்டுட்டனே. வேற என்னத்தப் பேசறது?" என்று அம்மா.

நான் சார்ஜாவில் லேபர் கேம்ப்பில் இருந்தேன். ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். ஒரு பழைய டிவி, வீடியோ கேசட் போட ஒரு டெக்.

அந்த வருஷம் ஊரில் டிவியில் ஒரு சீரியல் வந்தது. வெண்ணாறு கிளப் என்று ஒரு ஃபுட்பால் டீமின் கதை. நிஜத்தில் அப்படி ஒரு கிளப்பே கிடையாது. ஆனால் அறுவடை முடிந்த வயலில் பந்து உதைக்கிற பையன்கள், வாய்க்கால், மதகு, டவுன் பஸ்... எல்லாமே எங்கள் பக்கம். கோல்கீப்பர் மாரி எங்கள் ரூமில் ஒன்பதாவது ஆளாகவே ஆகிவிட்டான்.

பாய் வாராவாரம் ரெக்கார்டு பண்ணி, யார் ஃபிளைட் ஏறினாலும் அவர்கள் பெட்டியில் ஒரு கேசட்டைத் திணித்துவிடுவார். முதலில் விளம்பரத்தை எல்லாம் வெட்டிவிட்டு அனுப்பினார். நாங்கள்தான் அதுவும் வேண்டும் என்று எழுதினோம். நடுவில் கேபிள்காரர் நம்மூர் துணிக்கடை விளம்பரம் ஒன்று போடுவார்... கடைத்தெரு தெரியும்.

ஒரு கேசட் ஃபைனல் மேட்ச்சில் வந்து நின்றது. பெனால்டி. எதிர் டீம்காரன் ஓடி வருகிறான், மாரி கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். தொடரும்!

அடுத்து வீடியோ கேசட் வரவில்லை. ஆடியோ கேசட் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். மத்தவங்களுக்கு வணக்கம். டெக்கு ரிப்பேருப்பா, படம் பதிய முடியல. நான் பாத்துட்டேன். கதையைச் சொல்றேன், கேட்டுக்குங்க."

பெனால்டி அடிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதாம். ஆட்டத்தை நிறுத்திவிட்டார்களாம்.

"மழைக்கு யாராவது ஃபுட்பாலை நிறுத்துவாங்களா?" என்று ரூமிலேயே மூத்தவரான கோழிக்கோட்டு மொய்துக்கா தலையில் அடித்துக்கொண்டார். பாய்க்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்.

அந்த மழை மாதக்கணக்கில் பெய்தது. நடுவில் டீமில் இரண்டு கல்யாணம், ஒரு மதகுத் தகராறு... கடைக்கு வந்த யாரோ "பாய், புதுப் படம் வந்துருச்சா?" என்று கேட்பதும், "செத்த இரும்மா, மாரி பேசிக்கிட்டிருக்கான்" என்று அவர் சொல்வதும் அப்படியே பதிவாகியிருக்கும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா தவறிப்போனது. பாஸ்போர்ட் கம்பெனி கையில். லீவு கிடைக்கவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

அடுத்த கேசட்டில் மழை விட்டிருந்தது. மாரியின் அம்மா தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்கு வருகிறது. கோல்போஸ்டுக்குப் பின்னால் உட்காருகிறது.

"வேற ஒண்ணும் பேசலப்பா அந்தம்மா. சாப்பிட்டியா மாரின்னு மட்டும் கேட்டுச்சு."

அதைச் சொல்லிவிட்டு பாய் நிறுத்தினார். ஃபேன் சத்தம் மட்டும் ஓடியது.

ரூமில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஏனென்றால் மாரிக்கு அம்மா கிடையாது. சீரியலில் மூன்றாவது வாரமே அந்தம்மாவின் மாலை போட்ட போட்டோவைக் காட்டிவிட்டார்கள். எட்டுப் பேரும் அதைப் பார்த்திருந்தோம். சீரியல் எப்போதோ நின்றுபோய்விட்டது, இத்தனை நாளும் பாய் தானே கட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

மொய்துக்கா எழுந்து போய் கேசட்டை ரீவைண்ட் பண்ணி மறுபடி போட்டார். "கேளுடா" என்றார் என்னிடம்.

பாய்க்கு எல்லோரும் சேர்ந்து பதில் எழுதினோம். கதை நன்றாகப் போகிறது, டெக்கை ரிப்பேர் பண்ண அவசரப்பட வேண்டாம் என்று.

இரண்டு வருஷம் கழித்து லீவில் போனபோது கடைக்குப் போனேன். சீரியலைப் பார்க்க ஆள் இல்லை என்று பாதியில் தூக்கிவிட்டார்கள் என்று தம்பி ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

"சீரியலு புடிச்சிருந்துச்சா தம்பி?" என்றார் பாய்.

"நல்லா இருந்துச்சு பாய். அந்த மாரியோட அம்மா..."

"டீ சொல்லட்டுங்களா?" என்று எழுந்துவிட்டார்.

போட்டோவை மறந்துபோய்ச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா? கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ லீவு... ஒவ்வொரு தடவையும் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். இனி யாரைக் கேட்பது?

அந்த எட்டுப் பேரில் நான் மட்டும்தான் இன்னும் இங்கே சார்ஜாவில். மொய்துக்கா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். இப்போது ரூமில் இருக்கும் பையன்கள் ஆளுக்கொரு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். வெண்ணாறு கிளப் கதையைச் சொன்னேன். ஒருத்தன் யூடியூபில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு சீரியலே இல்லியேண்ணே" என்றான்.

மாரியின் அம்மா வந்த அந்த கேசட் என் பெட்டியில் இருக்கிறது. போட்டுக் கேட்க இங்கே பிளேயர் இல்லை.

மாரி அந்த பெனால்டியைப் பிடித்தானா இல்லையா என்று கடைசிவரை சொல்லாமலே போய்விட்டீர்கள் பாய். பரவாயில்லை.

அங்கே கோல்போஸ்டுக்குப் பின்னால் யாராவது தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தால்... ராசு சாப்பிட்டுட்டான்னு சொல்லிடுங்க.